கஞ்சி குடித்த கிளி

திம்மையா சபதம் செய்தால் வீட்டுக்குள் செய்யமாட்டார். வீட்டுக்குள் செய்தால் மனைவி பஞ்சம்மாள் காதில் விழும். விழுந்தால் கேள்வி கேட்பாள். ஆகையால் அந்தச் சபதத்தை அருப்புக்கோட்டை சௌடேஸ்வரி அம்மன் கோயில் வாசலில், நாலு பேர் கேட்க, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செய்தார். "இன்னிக்கிருந்து என் சகலை கருணாகரன் கடைத் துணி ஒரு சாண் என் வீட்டு நிலைப்படியைத் தாண்டுச்சுன்னா, நான் தறிக்காரன் வீட்டுல பொறக்கலைன்னு வச்சுக்கங்க."

சங்கதி பந்தல்குடிச் சந்தையில் ஆரம்பித்தது. யுத்தம் முடிந்த சமயம். சகலைகள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் துண்டுக் கடை விரித்திருந்தார்கள். கருணாகரன், பஞ்சம்மாளின் அக்காள் லிங்கம்மாளைக் கட்டியவர். திருச்சுழியில் ஜவுளிக் கடை. அவர் கடைத் துண்டு விறைப்பாக, மடிப்புக் கலையாமல், பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். திம்மையாவின் துண்டு சொந்தத் தறியில் நெய்தது. நெய்த கையோடு வெளுக்கப் போட்டுக் கஞ்சியெல்லாம் போக்கிக் காயவைத்துத்தான் விற்பார். மெத்தென்று இருக்கும். ஓரத்தில் இரண்டு பச்சை இழை ஓடும். அந்த இரண்டு பச்சை இழை இருந்தால் திம்மையா தறி என்று சந்தைக்குச் சந்தை சொல்லிச் சொல்லி, அவருக்கே அது கண்ணில் படாத அளவுக்குப் பழகிவிட்டது.

அன்று காடு கழனியிலிருந்து வந்த சம்சாரிகள் எல்லாரும் விறைப்பான துண்டைத் தேடியே போனார்கள். ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? திம்மையா எழுந்தார். சகலையின் துண்டு ஒன்றை உருவினார். வாளித் தண்ணீரில் முக்கினார். கசக்கினார். தண்ணீர் கழுநீராகிவிட்டது. துண்டை உதறிப் பிடித்தால் அதன் வழியே சந்தை முழுவதும் தெரிந்தது. "கஞ்சி குடிக்கிறதுக்குய்யா, கட்டிக்கிறதுக்கு இல்லை" என்றார். சந்தையே சிரித்தது. கருணாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

அதற்கப்புறம்தான் கோயில் வாசல் சபதம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் பஸ் போயிற்று, வந்தது. அக்காளும் தங்கையும்தான் போகவில்லை, வரவில்லை. பஞ்சம்மாள் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திம்மையா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த தவறுகளில் பெரும்பாலானவை இப்படி எடுத்துக்கொண்டதில் வந்தவைதாம்.

இரண்டு வருஷம் கழித்துக் கருணாகரன் திருச்சுழியில் மச்சு வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கத் தாமே வந்தார். வந்தவர் படி ஏறவில்லை. வாசலில் நின்றபடியே வெற்றிலை பாக்கு நீட்டினார். உள்ளே வாங்க என்று பஞ்சம்மாள் கூப்பிட்டதற்கு, "இல்லம்மா, தோள்ல நம்ம கடைத் துண்டு கெடக்கு. சகலை சபதம் கெட்டுப்போயிரும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். திம்மையாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அழைக்க வந்தவன் அழுதுகொண்டா வருவான் என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் பஞ்சம்மாள் தமிழுக்கு மாறிவிடுவாள். பக்கத்து வீடுகளுக்குப் புரியவேண்டும் அல்லவா? அன்று தமிழில்தான் பேசினாள்.

"எங்கக்கா வீடு குடிபோறா. நான் போகத்தான் போறேன். நீங்க வாரீகளா, இல்ல வீட்டைப் பாத்துக்கிறீகளா?"

திம்மையா யோசித்தார். போகாமல் இருந்தால் வாசலில் சிரித்தவன் ஊரெல்லாம் சிரிப்பான். போனால் தலை நிமிர்ந்து போகவேண்டும். அவர் கண் மூலையில் இருந்த தையல் மிஷின்மேல் போயிற்று. பட்டாளத்துக்கு உடுப்புத் தைத்த மதுரைக் கடை ஒன்று மூடியபோது வந்த கால் மிஷின் அது. பாளையம்பட்டி சௌந்தரம் டீச்சரிடம் பஞ்சம்மாள் அதில் பூ போடப் பழகியிருந்தாள். துணியை அமுக்கிப் பிடிக்கும் மிஷின் பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை மர வளையத்தில் இறுக்கி, வளையத்தைக் கையால் நகர்த்திக்கொண்டே காலால் மிதித்தால் ஊசி ஓடிய இடமெல்லாம் ரோஜாவும் கிளியும் வரும். அப்போது ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் 'நல்வரவு' என்று பூப்போட்டுக் கண்ணாடிச் சட்டம் அடித்துக் கொடுப்பதுதான் கௌரவம்.

திம்மையாவின் மூளையில் விளக்கு எரிந்தது. ரெண்டு கிளி, நடுவில் நல்வரவு, கீழே 'அன்பளிப்பு: திம்மையா'. சகலையின் வீட்டு முன்கட்டில், வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்க்க, ஆயுசு முழுக்க அவர் பெயர் தொங்கும். தினமும் காலையில் கருணாகரன் அதன் முகத்தில்தான் விழிக்கவேண்டும். அதற்காக வேண்டுமானால் பஸ் ஏறலாம்.

ஒரே நிபந்தனை. துணி அவர் தறித் துணியாக இருக்கவேண்டும்.

பஞ்சம்மாள் தலையைச் சொறிந்தாள். சாட்டினில் போடலாம் என்றாள். அது அந்நியத் துணி என்றார். லாங்கிளாத்தில் போடலாம் என்றாள். தறிக்காரன் மில் துணியைக் கொடுத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்றார். கடைசியில் அவருடைய துண்டிலேயே போட்டாள். வெளுத்து மெத்தென்றிருந்த துணி. ஊசி ஓர் இடத்தில் நூறு தடவை குத்தினால் அது என்ன செய்யும்? குத்திய பக்கமெல்லாம் சுருங்கியது. கிளியின் மூக்கு கிளியின் வயிற்றுக்குள் போய்விட்டது. வளையத்தைக் கழற்றியதும் நல்வரவு ஊறுகாய் மாதிரி சுருண்டுகொண்டது.

"மிஷின் சரியில்லை" என்றார் திம்மையா.

மிஷினில் கோளாறு இல்லை, அடியில் தாங்க ஏதாவது வேண்டும் என்று பஞ்சம்மாள் பொறுமையாக விளக்கினாள். மேலே எந்தத் துணி போட்டாலும் அடியில் விறைப்பாக ஒன்று இருந்தால்தான் நூல் இழுக்கிற இழுப்புக்கு நிற்கும். சட்டைக் காலருக்குள் வைக்கிற பக்ரம் நல்லது. துணிக்கு ரேஷன் வைத்த கண்ட்ரோல் காலத்தில் அதற்கு எங்கே போவது? பேப்பரை வைத்துப் பார்த்தாள். ஊசி குத்தக் குத்தப் பேப்பர் பொடிப்பொடியாகக் கிழிந்து நூலுக்குள் சிக்கிக்கொண்டது. அது திம்மையா படித்து முடிக்காத பேப்பர் என்பதில் தனியாக ஒரு சண்டை நடந்தது. பிறகு அவருடைய பழைய வேட்டியை மடித்து வைக்கச் சொன்னார். வைத்தாள். மேலே ஒரு சுருக்கம், கீழே ஒரு சுருக்கம்.

"ரெண்டு சோம்பேறியச் சேத்து நிறுத்துனா ஒரு ஒழைப்பாளி வந்துருவானா?" என்றாள் பஞ்சம்மாள். அவள் பார்வை வேட்டியில் இருந்ததா அவர்மேல் இருந்ததா என்று திம்மையாவுக்கு விளங்கவில்லை.

"அப்ப என்னதான் வேணும்கிறே?"

"எங்கக்கா வீட்டுக்காரவுக கடைத் துண்டு ஒண்ணு கெடச்சாப் போதும். அப்பளம் மாதிரி நிக்கும். அதை அடியில வச்சு..."

அதற்குமேல் அவர் விடவில்லை. துள்ளிக் குதித்தார். கேடுகெட்ட கஞ்சித் துணி என் துணியைத் தாங்குவதா? என் துணிக்கு முட்டுக்கொடுக்க அவன் துணியா? நாளைக்கே ஊரில், திம்மையா துணி நிற்பது கருணாகரன் தயவில் என்று சொல்லமாட்டானா? கோயில் வாசல் சபதம் என்ன விளையாட்டா? அந்தத் துண்டு இந்த வீட்டுக்குள் வந்தால் அன்றைக்கே மிஷின் வெளியே போகும், மதுரைக்கு லோடு ஏற்றிவிடுவேன் என்றார். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

மிஷின் என்றதும் பஞ்சம்மாளின் முகம் மாறியது. மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே கூலியாள் தறி ஓட்டும் சத்தம் கேட்டது. அடுப்பில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சி போடாத பாவு தறியில் நிற்காது, அறுந்துபோகும். அதனால் அந்த வீட்டு அடுப்பில் தினமும் இரண்டு பானை ஏறும். ஒன்று பாவுக்கு, ஒன்று திம்மையாவுக்கு. எது யாருக்கு வந்தது என்று அவருக்குச் சில நாள் சந்தேகம் வருவதுண்டு.

"சரிங்க. அவுக துணி வேண்டாம். உங்க தறியில வாரதுல எதை வேணும்னாலும் நான் வெட்டிக்கலாமா?"

"தாராளமா வெட்டிக்கோ. என் தறியில இல்லாதது அவன் கடையில என்ன இருக்கு?"

"பின்னால வந்து ஏன் வெட்டுனேன்னு கேக்கக் கூடாது."

"ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

அடுத்த சந்தைக்குப் போய்த் திரும்பிவந்தபோது சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுத் தயாராக இருந்தது. திம்மையா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு கிளிகளும் மாவு தின்ற பிள்ளைகள்போல் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. ஒரு சுருக்கம் கிடையாது. கீழே அவர் பெயர், சிவப்பு நூலில், கொம்பு சுழி பிசகாமல்.

"பாத்தியா, என் துணியோட குணத்தை."

"ஆமாங்க. உங்க துணிதான்" என்றாள் பஞ்சம்மாள். அவள் அப்படி உடனே ஒப்புக்கொள்கிறவள் அல்ல. சந்தோஷத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

திருச்சுழிக்குப் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். சட்டத்தைப் பஞ்சம்மாள் புடவையில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சீர் மூட்டையைத் திம்மையாவின் மடியில் வைத்துவிட்டாள். தேங்காயும் வெல்லமும் இருக்கிற மூட்டையில் ஏதோ முனை வழி நெடுகத் தொடையில் குத்திக்கொண்டே வந்தது. என்னத்தை வச்சுத் தொலைச்சே என்று கேட்டதற்கு, வெல்ல அச்சு என்றாள். வெல்லம் இவ்வளவு கூர்மையாக இருக்குமா என்று கோபத்தோடு யோசித்தபடி வந்தார்.

புது வீட்டு வாசலில் அக்காளும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். திம்மையா மச்சைப் பார்த்தார். கருணாகரன் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தார். லிங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீர் மூட்டையை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். இரண்டு வருஷ அழுகையை அந்த வாசலில் பார்த்தபோது திம்மையாவுக்கு ஒரு நிமிஷம் என்னவோபோல் இருந்தது. ஆனால் முன்கட்டில் சுவரில் அடித்திருந்த புது ஆணியைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று.

எல்லாரும் கூடியிருக்கும்போது சட்டத்தை எடுத்துக் காட்டினார். ஒரு சிறு பிரசங்கமும் செய்தார். சுத்தமான கைத்தறி, ஒரு பொட்டுக் கஞ்சி கிடையாது, உள்ளும் புறமும் ஒன்று என்றார். கூட்டத்தில் அவரிடம் வருஷக்கணக்காகத் துண்டு வாங்கும் மாரிச்சாமி என்ற சம்சாரியும் இருந்தார். நல்லா இருக்கு என்று தலையாட்டினார்.

கருணாகரன் சட்டத்தை வாங்கினார். சாய்த்துப் பார்த்தார். ஓரத்தை முகர்ந்தும் பார்த்தார். பிறகு தம் மனைவியைப் பார்த்தார். லிங்கம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அழகா இருக்கு சகலை. ஆனா இந்த விறைப்பை நான் எங்கேயோ பாத்திருக்கேன். நம்ம கடைத் துணி எதுவும் அடியில இருக்குமோ?"

திம்மையாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிற்று. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள். அன்று அவள் உடனே ஒப்புக்கொண்டது ஏன் என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது. செய்துவிட்டாள். சபதத்தைக் குப்பையில் போட்டுவிட்டாள். அவனுடைய கஞ்சித் துணியை அடியில் வைத்து, அதன்மேல் என் பெயரையும் போட்டுவிட்டாள். இவ்வளவு பேருக்கு முன்னால் அவன் அதைச் சொல்லியும் விட்டான். இனிச் சும்மா இருந்தால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும். சந்தையில் செய்ததை இங்கேயும் செய்து, குற்றம் யாருடைய துணியில் என்று காட்டிவிட வேண்டியதுதான்.

சட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். கூட்டம் பின்னாலேயே போயிற்று. கிணற்றடியில் பின்பலகையைப் பெயர்த்து, துணியை உருவினார்.

"வேண்டாங்க. நனைக்காதீக" என்றாள் பஞ்சம்மாள்.

"பயமா இருக்கா?"

"உங்களுக்காகத்தான் சொல்றேன். பின்னால என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

பித்தளைக் குண்டானில் முக்கினார். அடித்துணியைக் கசக்கு கசக்கென்று கசக்கினார். தண்ணீர் வெளுத்தது. கெட்டியாக வெளுத்தது. குண்டானைத் தூக்கி நாலு பக்கமும் காட்டினார்.

"பாருங்கய்யா. கலர் பாருங்க. இதுதான் என் சகலை சரக்கு. இந்தக் கஞ்சியில நாலு பேர் பசியாறலாம். இப்படித் துணி நெய்யிறவன் மனுசனா? இதை நெய்த கையை..."

"அந்த அடித்துணி ஓரத்தைக் கொஞ்சம் விரிச்சுப் பாருங்க" என்றாள் பஞ்சம்மாள்.

விரித்தார். இரண்டு பச்சை இழைகள் ஓடின.

கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. குண்டானிலிருந்து கஞ்சித் தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஒழுகியது.

"தறியிலிருந்து அறுத்த சூட்டோட எடுத்தது. இன்னும் வெளுக்கப் போகலை. பாவுக் கஞ்சி அப்படியே இருக்குல்ல, பக்ரம் மாதிரி நின்னுச்சு. எதை வேணும்னாலும் வெட்டிக்கோன்னு நீங்கதான சொன்னீக."

மாரிச்சாமி மெதுவாகத் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தார். "ஏங்க, அப்ப நீங்க நெய்யிற துண்டுலயும் கஞ்சியா?" என்றார்.

திம்மையா விளக்க ஆரம்பித்தார். கஞ்சி இல்லாமல் பாவு நிற்காது என்றார். எல்லாத் தறியிலும் கஞ்சி உண்டு என்றார். வெளுத்தால் போய்விடும் என்றார். கையில் கஞ்சி ஒழுகுகிற மனிதன் சொல்வதை எத்தனை பேர் நம்புவார்கள்?

"இதைத்தான் சகலை, பந்தல்குடியில நானும் சொல்ல வாயெடுத்தேன்" என்றார் கருணாகரன். "நீங்க சொல்ல விடலை."

கருணாகரன் கடைத் துண்டில் பாவுக் கஞ்சிக்குமேல் இன்னும் மூன்று பங்கு கஞ்சி உண்டு என்பது திம்மையாவுக்குத் தெரியும். அது வேறு விஷயம் என்று சொல்லத் துடித்தார். ஆனால் கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவர் முன்னால் ஒரு சந்தையில் கேட்டிருக்கிறார்; அப்போது நன்றாக இருந்தது.

எல்லாரும் முன்கட்டுக்குத் திரும்பினார்கள். ஆணி காலியாக இல்லை. அதில் வேறொரு நல்வரவு கண்ணாடிக்குள் பளபளத்தது. அதே இரண்டு கிளிகள். கீழே 'அக்காளுக்குத் தங்கை' என்று மட்டும் இருந்தது. திம்மையா தம் தொடையைத் தடவிக்கொண்டார். வெல்ல அச்சு. அவ்வளவு தூரம் அதைத் தாமே சுமந்து வந்திருக்கிறார்.

"ரெண்டு போட்டியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்களைக் கட்டி இத்தனை வருசமாச்சுல்ல" என்றாள் அவள். "ஒண்ணோட வருவேனா?"

திம்மையாவின் பெயரும் சகலை வீட்டில் தொங்கத்தான் செய்தது. கொல்லைக் கொடியில், இரண்டு பாவாடைகளுக்கு நடுவில். கஞ்சி போன கிளிகள் பழையபடி மூக்கை வயிற்றுக்குள் விட்டுக்கொண்டு காய்ந்தன.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மரியாதை செய்தார்கள். சீர் கொண்டுவந்த உறவுக்காரர்களுக்குத் துண்டு போடுவது கிரகப்பிரவேச வழக்கம். கருணாகரன் தம் கடையிலேயே விறைப்பான துண்டாகப் பார்த்து, மஞ்சள் தடவி, அத்தனை பேர் முன்னால் சகலையின் தோளில் போட்டார். மஞ்சள் தடவிப் போட்ட துண்டை எடுத்தெறிய முடியுமா? பஸ்ஸில் அது வளையவே இல்லை. வேர்வையைத் துடைத்தால் வேர்வை அதன்மேல் உருண்டு ஓடியது.

வீட்டு வாசலில் வந்து திம்மையா நின்றுவிட்டார். தோளில் துண்டு. காலடியில் நிலைப்படி. உள்ளே போனால் சபதம் போயிற்று. வெளியே நின்றால் ராச் சாப்பாடு போயிற்று. தெருவில் நாலு பேர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

உள்ளே போய்விட்ட பஞ்சம்மாள் திரும்பி வந்தாள். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தாள். விரலால் சுண்டிப் பார்த்தாள், டப்பென்றது. மிஷின் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு துண்டைக் கையால் அளந்துகொண்டே, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி நல்ல தமிழில் சொன்னாள்:

"ஒரு சாண் வரக் கூடாதுன்னுதான சபதம் பண்ணீக? இது மூணு முழம் இருக்கு. உள்ள வாங்க."